சோப்பின் மேல் போட்ட பழி

அத்தியாயம் 11

பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் தெரியாது, மாடிப்படி ஏறினால் முழங்கால் முணுமுணுக்கும். ஆனாலும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவள் பாப்பாதான். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் போன பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை.

அந்தப் பாப்பா காலை ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணியின் மார்பிலிருந்து எடுத்த சின்னத் துணுக்குத் தோலைப் பற்றி டாக்டர் இன்று சொல்லப்போகிறார்.

இங்கே வந்திருப்பது அண்ணனுக்குத் தெரியாது. ஓட்டல்காரர் ஒருவரிடம் படுக்கை விரிப்பு ஆர்டர் பேசப் போவதாகச் சொல்லிவிட்டு அண்ணி கிளம்பியிருந்தாள். பாப்பாவோடு போகிறேன் என்று சொல்ல முடியாது. அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசி மூன்று மாதம் ஆகிறது.

காரணம் ஒரு சோப்புப் பவுடர்.

அண்ணன் நடத்துவது லாண்டரி. சலவை செய்கிறவர்கள் வீட்டில் உடம்பில் எங்கே அரித்தாலும் முதலில் மாட்டிக்கொள்வது சோப்புதான். எட்டு மாதம் முன்பு அண்ணியின் மார்புக் காம்பில் அரிப்பு வந்தது. தோல் சிவந்து உரிந்தது, பொருக்குத் தட்டியது. சரியாக அதற்கு முந்தின மாதம்தான் பாப்பா பழைய பவுடரை மாற்றிப் புதுப் பவுடர் வாங்கிப் போட்டிருந்தாள். அப்புறம் சொல்ல வேண்டுமா? பவுடரை நான்கு தடவை மாற்றினார்கள். அண்ணியின் துணியை மட்டும் தனி வாளியில் வெறும் தண்ணீரில் அலசினார்கள். களிம்பு போட்டால் பத்து நாள் ஆறின மாதிரி இருக்கும். வீடே பெருமூச்சு விடும். பதினோராம் நாள் மறுபடியும் சிவக்கும். ஒரு நாள் அண்ணன் வேலையாட்கள் எதிரிலேயே, "என் பொண்டாட்டி உடம்பைக் கெடுத்தவ நீ" என்று சொல்லிவிட்டார். அங்கே துணிகளில் கறை எடுக்கும் வேலை பார்த்த பாப்பா தன் கறை மேஜையை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்தவள்தான். இப்போது ஒரு ஓட்டலில் துணி அறையில் வேலை பார்க்கிறாள்.

இரண்டு வாரம் முன்பு அண்ணி அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஏழு உள்ளாடைகள். "பாப்பா, இந்தக் கறை போக மாட்டேங்குது. நீதான் எடுத்துத் தரணும்" என்றாள். நோய் என்று சொல்ல வாய் வராதவள் கறை என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

பாப்பா ஏழையும் தரையில் வரிசையாகப் பரப்பினாள். ஏழிலும் சின்ன வட்டம், மஞ்சளும் பழுப்புமாக. ஏழிலும் ஒரே இடம். ஏழிலும் இடது பக்கம் மட்டும்.

"அண்ணி, சோப்புன்னா ரெண்டு பக்கமும்ல வரணும்?" என்றாள் பாப்பா.

இருபது வருஷம் துணியோடு பழகியவர்கள் யாருக்கும் எட்டு மாதம் தோன்றாத கேள்வி அது. மறுநாளே இருவரும் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் டாக்டர் தோலில் துணுக்கு எடுத்து, ஒரு தையல் போட்டு அனுப்பினார்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே, அப்புறம் எதுக்குடி இந்த வராந்தாவுல உட்கார்ந்து காத்துக்கிட்டிருக்கோம்?" என்றாள் அண்ணி.

"சும்மா இருங்க அண்ணி."

"எனக்கு ஒண்ணும் இல்லை பாரு. வெறும் சோப்பு."

எட்டு மாதமாகப் பாப்பா மனதுக்குள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இது சோப்பு இல்லை என்று யாராவது ஒருத்தர் அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். தன் மேல் விழுந்த பழி நீங்க வேண்டும். இன்று அந்த வேண்டுதலை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டர் அம்மா ஐம்பதைத் தாண்டியவர். மேஜையில் கணினி இருந்தும் பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டுப் பேசுகிறவர். அண்ணி உட்கார்ந்ததும் நாற்காலியை இழுத்து மேஜைக்கு இந்தப் பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டார். பாப்பாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நல்ல சேதி இல்லைம்மா. இது புற்றுநோய்தான்" என்றார் டாக்டர்.

அண்ணி தலையை ஆட்டினாள். காது கேட்டது என்பதற்கான ஆட்டம். புரிந்ததற்கான ஆட்டம் இல்லை.

"கட்டியே இல்லையே டாக்டர்? நான் தடவித் தடவிப் பார்த்தேனே?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. மார்புல கேன்சர்னா கட்டியா வரும்னு. பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆனா சில அபூர்வமான வகை இருக்கு. கட்டியே தெரியாம மார்பு பூரா சிவந்து வீங்குற வகை ஒண்ணு. உங்களுக்கு வந்திருக்கிறது இன்னொண்ணு. காம்புத் தோல்ல, படை மாதிரி வர்றது. பேஜெட் நோய்னு பேரு. மார்புல கேன்சர் வர்ற நூறு பேர்ல ஒருத்தர், மிஞ்சிப் போனா மூணு பேருக்குத்தான் இப்படி வரும்."

"குலுக்கல்ல எனக்கு இதுவரைக்கும் ஒரு டம்ளர்கூட விழுந்ததில்லை டாக்டர்" என்றாள் அண்ணி. "இதுல மட்டும் நூத்துல ஒருத்தியா வந்திருக்கேன்."

டாக்டர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். காகிதத்தைத் திருப்பிப் படம் போட்டார். ஒரு வட்டம், நடுவில் புள்ளி, புள்ளியிலிருந்து உள்ளே போகும் கோடுகள்.

"இதெல்லாம் பால் வர்ற குழாய். மேல தோல்ல தெரியுற இது, அநேகமா உள்ளே இந்தக் குழாய்லயும் எங்கேயாவது இருக்கும். எக்ஸ்ரேல தெரியலைங்கிறதால இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அதனால திங்கக்கிழமை காலைல எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பார்த்துட்டுத்தான் ஆபரேஷன் முடிவு பண்ணணும். காம்பும் சுத்தியுள்ள பகுதியும் மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் கொடுக்கலாமா, இல்லை முழுசா எடுக்கணுமான்னு."

முழுசா என்ற வார்த்தையில் அண்ணியின் கை தானாகப் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தது.

"களிம்பு போட்டா ஆறிச்சே டாக்டர்?" என்று கேட்டாள் பாப்பா.

"ஆறின மாதிரி இருக்கும். அதுதான் இதோட கெட்ட குணம். களிம்பு கொடுத்த டாக்டரையும் குத்தம் சொல்ல மாட்டேன், நூறு படைல தொண்ணூத்தொம்பது வெறும் படைதான். ஆனா ஒரு பக்கம் மட்டும் வந்து, மூணு வாரம் மருந்து போட்டும் போகலைன்னா துணுக்கு எடுத்துப் பார்த்துடணும். ரெண்டு பக்கமும் வரலையேன்னு உங்களுக்குத் தோணினது நல்லதாப் போச்சு."

"சோப்பால வருமா?"

அதை எப்படிக் கேட்டாள் என்று பாப்பாவுக்கே தெரியவில்லை.

"சோப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா" என்றார் டாக்டர்.

எட்டு மாதமாக ஏங்கிக் காத்திருந்த வார்த்தை. பாப்பா அதைக் கேட்டாள். சோப்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. காலம் பூரா அண்ணன் திட்டினால்தான் என்ன? காலம் பூரா முகத்தில் விழிக்காவிட்டால்தான் என்ன? பழி தன் தலையிலேயே கிடந்திருக்கலாம். அண்ணி நன்றாக இருந்திருப்பாள்.

ஆஸ்பத்திரி டீக்கடையில் இரண்டு டீ வாங்கி வந்தாள் பாப்பா. அண்ணி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே ஓடும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் இது சோப்பாவே இருக்கட்டுமே."

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்கண்ணனைத் தெரியாதா உனக்கு? அவருக்குச் சண்டை போட ஒரு ஆள் வேணும். சோப்புன்னா கம்பெனிக்காரனைப் போட்டுத் திட்டுவார். உன்னைத் திட்டுவார். திட்டிட்டு ராத்திரி நிம்மதியாத் தூங்குவார். இதுக்கு யாரைப் போய்த் திட்டுவார்? ஒடைஞ்சு போயிடுவார் பாப்பா."

"எவ்வளவு நாள்?"

"ஒரு மாசம். ரெண்டு மாசம். நானா ஒரு நேரம் பார்த்துச் சொல்றேன்."

"அப்ப திங்கக்கிழமை ஸ்கேன்?"

அண்ணி டம்ளரைப் பார்த்தாள். "அவசரமா என்ன? எட்டு மாசம் இருந்தது, இன்னும் ரெண்டு மாசம் இருக்காதா?"

பாப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அண்ணன் உடைந்துபோவாரோ என்னவோ, பயந்து நடுங்கிக்கொண்டிருப்பது அண்ணி. சோப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை ஸ்கேனும் இல்லை, ஆபரேஷனும் இல்லை, எடுக்க வேண்டியதும் இல்லை. இத்தனை வருஷத்தில் அண்ணி எதற்கும் பயந்து பாப்பா பார்த்ததில்லை. கொதிக்கிற நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டபோது ஓடாமல் நின்று மூடியவள் அவள்.

"பழி என் மேலயே இருக்கட்டும் அண்ணி. எனக்குப் பழகிப் போச்சு" என்றாள் பாப்பா. "எத்தனை மாசம் வேணும்னாலும் சுமக்கிறேன். ஆனா திங்கக்கிழமை நீங்க ஸ்கேனுக்கு வரணும். அண்ணனுக்குத் தெரியாமலே வாங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

"பார்க்கலாம்டி."

"பார்க்கலாம்னா?"

"பார்க்கலாம்னா பார்க்கலாம்தான்."

பாப்பாவின் போன் அடித்தது. திரையில் அண்ணன் நம்பர். மூன்று மாதத்தில் முதல் தடவை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாலு மணிக்கு லாண்டரிக்கு வா" என்றார் அண்ணன். எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய் ஒன்றும் இல்லை. "பவுடர் கம்பெனியிலேர்ந்து ஆள் வர்றார். எட்டுக் கடிதம் போட்டதுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சிருக்கு. நீதானே வாங்கினே? நீயே வந்து அவர் எதிர்ல சொல்லு."

வைத்துவிட்டார்.

அண்ணி முதல் பஸ்ஸில் போனாள். சேர்ந்து போனால் சந்தேகம் வரும் என்று பாப்பா அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

லாண்டரிக்குள் நுழைந்ததும் சூடான துணி வாசனை அடித்தது. மூன்று மாதத்தில் எதுவும் மாறவில்லை. பெரிய சலவை இயந்திரங்கள் மூன்றும் வயிறு குலுங்க ஓடிக்கொண்டிருந்தன. நம்பர் சீட்டு குத்திய சட்டைகள் கம்பியில் தொங்கின. மூலையில் அவளுடைய கறை மேஜை. பிரஷ்ஷும் பாட்டில்களும் அவள் வைத்த இடத்திலேயே தூசி படிந்து கிடந்தன. அதில் வேறு யாரையும் அண்ணன் உட்கார வைக்கவில்லை என்று தெரிந்ததும் பாப்பாவுக்கு ஏனோ கண் கரித்தது.

நடு ஹாலில் அண்ணன் நான்கு வாளிகளை வரிசையாக வைத்திருந்தார். நான்கிலும் அந்தப் புதுப் பவுடரில் துவைத்த துணிகளை அலசிய தண்ணீர். கம்பெனி ஆள் குந்தி உட்கார்ந்து, பவுடர் மிச்சம் இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டையை ஒவ்வொரு வாளியிலும் நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த, பொறுமையான மனிதர். துணி மடிக்கிற இரண்டு பெண்களும் இஸ்திரிக்காரரும் வேலை செய்கிற மாதிரி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி நீராவிப் பெட்டிக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி சுத்தமா இருக்குங்க. துணியில பவுடர் மிச்சமே இல்லை" என்றார் கம்பெனி ஆள்.

"அப்ப என் சம்சாரம் எட்டு மாசமா புண்ணோட கஷ்டப்படுறது பொய்யா?"

"பொய்யின்னு சொல்லலைங்க. புண் எங்க வந்திருக்கு? கையிலயா?"

அண்ணன் திணறினார். அந்த இடத்தின் பெயரை நாலு பேர் எதிரில் அவரால் சொல்ல முடியாது. "உடம்புலதான்" என்றார்.

"கையில இல்லையா? பவுடரை முதல்ல தொடுறது கைதானே? பவுடர் ஒத்துக்கலைன்னா கைதான் முதல்ல போகும். இங்க வேலை செய்யற வேற யாருக்காவது வந்திருக்கா?"

யாருக்கும் வரவில்லை. மடிக்கிற பெண்கள் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் பாப்பா நின்றிருந்தாள்.

"இதோ வந்துட்டாளே! கேளுங்க இவளை. இவ வாங்கிப் போட்ட பவுடர்தான். நல்லா இருந்த மனுஷி. இவ கை வச்ச மாசம் ஆரம்பிச்சது." குரல் கம்மியது. "சொல்லு. உன் வாயால சொல்லு. சோப்புதானே?"

பாப்பா அண்ணியின் முதுகைப் பார்த்தாள். தேய்க்கிற கை நின்றிருந்தது. ஆனால் அவள் திரும்பவில்லை.

சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான். அண்ணி திங்கட்கிழமை வருவாளோ மாட்டாளோ, இதைச் சொல்லிவிட்டால் ஒருவேளை வருவாள்.

"ஆமாண்ணா" என்றாள் பாப்பா. "சோப்புதான். என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. தங்கை சண்டைக்கு வருவாள் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் அப்படியே நின்றார். கம்பெனி ஆள் குழப்பத்தோடு எழுந்து, "அம்மா, நீங்க ஏன் அப்படிச் சொல்றீங்க? பவுடர்ல ஒண்ணும் இல்லையே" என்றார்.

"இருக்குங்க. எனக்குத் தெரியும்."

"தெரியாது அவளுக்கு."

அண்ணி திரும்பியிருந்தாள். நீராவியை அணைத்துவிட்டாள். இரண்டு இயந்திரம் சுற்றி முடித்துவிட்ட நேரம் அது. அவள் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"பொய் சொல்றா. எனக்காகச் சொல்றா. நான்தான் சொல்லச் சொன்னேன். அவளைத் திட்டாதீங்க. இத்தனை மாசம் திட்டினது போதும்."

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத்தாங்க தெரியும். என் உடம்பு." அண்ணி அவர் அருகே வந்தாள். "இன்னிக்கு ஓட்டலுக்குப் போகலை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாப்பாதான் கூட வந்தா. மார்புல புண்ணு இல்லைங்க அது. கேன்சர். கட்டியா வராம படை மாதிரி வர்ற வகை. நூத்துல ஒருத்தருக்கோ மூணு பேருக்கோதான் வருமாம். சோப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு டாக்டரே சொன்னாங்க."

மடிக்கிற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார்.

"படைக்குப் போயா கேன்சர்னு சொல்லுவாங்க?" என்றார்.

"தோலை எடுத்துப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க அண்ணா" என்றாள் பாப்பா.

"எட்டு மாசம்... நான் தனி வாளியில அலசினேனே. நானே என் கையால அலசினேனே."

"அலசினீங்க" என்றாள் அண்ணி. அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து முதல் தடவை. அடக்காமல் அழுதாள். "எனக்குப் பயமா இருக்குங்க. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னுதான் நினைச்சேன். திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஸ்கேன். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும். எடுக்கணும்னு சொல்லுவாங்க. முழுசாவே எடுக்கணும்னாலும் சொல்லுவாங்க."

பாப்பா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வருவாள், திங்கட்கிழமை வருவாள் என்று நினைத்தாள். அந்தத் துக்கத்திலும் ஒரு சின்ன நிம்மதி வந்தது. ஸ்கேன் என்ன சொல்லுமோ என்ற பயம் உடனே அதை விழுங்கியது.

கம்பெனி ஆள் ஓசைப்படாமல் பெட்டியை மூடினார். இந்த வீட்டு விஷயத்தில் தனக்கு இனி வேலை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. "நான் வரேங்க. அம்மாவுக்குச் சரியாயிடும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எட்டுக் கடிதம் எழுதியவர், நாலு மணிக்கு அந்த மனிதரைக் கிழித்துத் தோரணம் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இன்னொரு தடவை பாருங்க."

"ஐயா..."

"அந்த மூணாவது வாளி. சரியாப் பார்த்திருக்க மாட்டீங்க. உங்க பவுடர்ல ஏதோ இருக்கு சார். இருக்கும். நான் உங்க மேல புகார் பண்ண மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சோப்புன்னு மட்டும் சொல்லிடுங்க."

அண்ணி, "விடுங்க அவரை" என்றாள். அவர் விடவில்லை.

கம்பெனி ஆள் பாப்பாவைப் பார்த்தார். என்ன செய்வது என்று கேட்கிற பார்வை. பாப்பாவுக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர் பெட்டியைத் திறந்து, புதிதாக ஒரு பட்டையை எடுத்து, மூன்றாவது வாளிக்கு முன்னால் மறுபடியும் குந்தி உட்கார்ந்தார். அண்ணனும் பக்கத்தில் குந்தினார். பட்டை தண்ணீரில் நனைந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அதையே பார்த்தார்கள்.

நிறம் மாறவில்லை.

அண்ணன் அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.